டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட்: முழுசாகக் கேட்கப்படாத இரண்டாம் பாதி

குவென்டின் டாரன்டினோவின் 'பல்ப் ஃபிக்‌ஷன்' (1994) பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். ஊமா தர்மனை அழைத்துப்போக ஜான் ட்ரவோல்டா அவர் வீட்டுக்குள் நுழைகிறார். பின்னணியில் ஒரு பெண்குரல், கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் பாடிக்கொண்டிருக்கிறது. பாட்டு 'சன் ஆஃப் எ ப்ரீச்சர் மேன்'. முதல்முறை கேட்பவர்கள், அமெரிக்கத் தென்மாநிலத்துக் கறுப்பினப் பாடகி யாரோ என்றுதான் நினைப்பார்கள். ஆனால் பாடியவர் லண்டனில் பிறந்த, ஐரிஷ் வம்சாவளி வெள்ளைக்காரப் பெண். பெயர் டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட்.

படம் ஓடிய ஓட்டத்தில் 26 வருடம் பழைய அந்தப் பாட்டு உலகம் முழுக்க மறுபடி பிரபலமானது. வேடிக்கை என்னவென்றால், அதே 1994ல்தான் டஸ்டி அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஒரு புது ஆல்பம் பாடி முடித்திருந்தார். அடுத்த வருடம் அது வெளிவந்தபோது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1968ன் டஸ்டியைக் கொண்டாடிய உலகத்துக்கு 1994ன் டஸ்டி தேவைப்படவில்லை!

அவர் பிற்காலத்தில் பாடியவை இன்றும் பெரும்பாலும் ஒரு பின்குறிப்பாகத்தான் எழுதப்படுகின்றன. அந்தப் பின்குறிப்புக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

மேரி, டஸ்டி ஆன கதை

1939 ஏப்ரல் 16ல் பிறந்தவர். இயற்பெயர் மேரி இசபெல் கேதரின் பெர்னடெட் ஓ'பிரையன். கத்தோலிக்கக் குடும்பம், கான்வென்ட் படிப்பு. அண்ணனோடு சேர்ந்து 1960ல் 'த ஸ்பிரிங்ஃபீல்ட்ஸ்' என்ற நாட்டுப்புற இசைக்குழுவில் பாடினார். குழு அமெரிக்கா போனபோது அங்கே கறுப்பின இளைஞர்கள் பாடிக்கொண்டிருந்த சோல் இசை அவர் காதில் விழுந்தது. அதன்பிறகு நாட்டுப்புறப் பாட்டில் மனம் ஒட்டவில்லை.

சோல் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாடல்களிலிருந்தும் ப்ளூஸ் இசையிலிருந்தும் பிறந்தது. கடவுளிடம் முறையிடும் அதே தொண்டையோடு காதலையும் பிரிவையும் பாடுவது. இதை வெள்ளைக்காரர்கள் பாடினால் 'ப்ளூ ஐட் சோல்', அதாவது நீலக்கண் சோல், என்று ஒரு பெயர் உண்டு. அதில் கொஞ்சம் பாராட்டும் உண்டு, கொஞ்சம் கிண்டலும் உண்டு.

1963 நவம்பரில் தனியாக வெளியிட்ட முதல் பாட்டு 'ஐ ஒன்லி வான்ட் டு பி வித் யூ' ஹிட். 1964 ஜனவரி 1ல் பிபிசியின் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சி தொடங்கியபோது அதில் முதலில் ஒலித்தது இந்தப் பாட்டுதான். 1966ல் 'யூ டோன்ட் ஹேவ் டு சே யூ லவ் மீ' பிரிட்டனில் முதலிடம். உயரத் தூக்கிக் கட்டிய பொன்னிறக் கொண்டை, பட்டையாய் மை தீட்டிய கண்கள், நீண்ட கவுன்... 60களின் பிரிட்டனுக்கு ஒரு முகம் கேட்டால் இவர் முகத்தையும் காட்டலாம்.

கறுப்பின இசையை எடுத்துப் பாடியவர் அதற்கான கடனை மறக்கவில்லை. 1964 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவில் பாடப் போனார். நிறவெறிச் சட்டங்கள் உச்சத்தில் இருந்த நேரம். இனம் பிரித்து உட்காரவைக்கும் அரங்கில் பாடமாட்டேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருந்தார். கேப்டவுன் அருகே எல்லா நிறத்தவரும் கலந்து உட்கார்ந்த அரங்கில் பாடினார். அரசாங்கம் அவரை நாட்டைவிட்டு அனுப்பிவிட்டது. 1965ல் பிரிட்டிஷ் டிவியில் மோடவுன் கம்பெனியின் பாடகர்களுக்கென்றே ஒரு சிறப்பு நிகழ்ச்சி வந்தது. தொகுத்து வழங்கியவர் டஸ்டி. சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ், ஸ்டீவி வொண்டர் எல்லோரையும் பிரிட்டன் வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து பார்த்தது அப்போதுதான்.

அந்தக் காது

டஸ்டியைப் புரிந்துகொள்ள அவர் தொண்டையைவிட அவர் காதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். 60களில் அவருடைய ரெக்கார்டுகளில் தயாரிப்பாளர் என்று ஜானி ஃபிரான்ஸ் பெயர் இருக்கும். ஆனால் டிரம்ஸ் எப்படி ஒலிக்கவேண்டும், பேஸ் கிடார் எவ்வளவு முன்னால் வரவேண்டும் என்று வாத்தியக்காரர்களிடம் மல்லுக்கு நின்றது டஸ்டி. ஸ்டூடியோவில் எதிரொலி போதவில்லை என்று கட்டடத்தின் கழிப்பறையில் மைக் வைத்துப் பாடிய கதையும் உண்டு. இதற்கெல்லாம் அட்டையில் பெயர் கிடைக்கவில்லை. கிடைத்தது 'சமாளிக்க முடியாத பெண்' என்ற பட்டம்தான். ஆண் செய்தால் மேதையின் பிடிவாதம், பெண் செய்தால் அடாவடி!

அந்தக் காது அவரையும் விட்டுவைக்கவில்லை. தன் குரலைத் தானே நம்பாதவர். 1968 செப்டம்பரில் அட்லாண்டிக் கம்பெனிக்காக மெம்ஃபிஸ் நகரின் அமெரிக்கன் சவுண்ட் ஸ்டூடியோவுக்குப் போனார். தயாரிப்பாளர்கள் ஜெர்ரி வெக்ஸ்லர், டாம் டவுட், ஆரிஃப் மார்டின். அரீத்தா ஃபிராங்க்ளினின் புகழ்பெற்ற பாடல்களை உருவாக்கிய அதே ஆட்கள். அரீத்தா போன்றவர்கள் பாடும் இடத்தில் தான் நிற்பதா என்ற பயத்திலேயே டஸ்டிக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கடைசியில் மெம்ஃபிஸில் வாத்தியங்களை மட்டும் பதிவு செய்துகொண்டு, குரலை நியூயார்க்கில் வைத்துப் பதிவு செய்தார்கள். பாடும்போது தன் குரல் தன் காதில் விழாத அளவுக்கு ஹெட்ஃபோனில் வாத்திய சத்தத்தை ஏற்றி வைத்துக்கொள்வார் என்று வெக்ஸ்லர் பின்னாளில் எழுதினார்.

'டஸ்டி இன் மெம்ஃபிஸ்' 1969ல் வெளிவந்தது. 'சன் ஆஃப் எ ப்ரீச்சர் மேன்' பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதல் பத்துக்குள் வந்தது. (அரீத்தாவுக்கு முதலில் கொடுக்கப்பட்டு அவர் வேண்டாம் என்ற பாட்டு அது!) ஆனால் ஆல்பம் அமெரிக்காவில் 99வது இடத்தைத் தாண்டவில்லை. பிரிட்டனில் பட்டியலிலேயே ஏறவில்லை. 2003ல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் 500 சிறந்த ஆல்பங்களில் 89வது இடம், 2020ல் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுக் காப்பகத்தில் இடம் என்று மரியாதை வந்ததெல்லாம் மிகவும் தாமதமாக.

காணாமல்போன வருடங்கள்

1970ல் லண்டன் பத்திரிகை ஒன்றுக்குக் கொடுத்த பேட்டியில், ஆண்மீது வரும் ஈர்ப்பு பெண்மீதும் தனக்கு வரக்கூடும் என்று வெளிப்படையாகச் சொன்னார். பிரபலமான பாடகி ஒருவர் அந்தக் காலத்தில் இப்படிப் பேசுவது நினைத்துப் பார்க்க முடியாத துணிச்சல். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். 1973ல் 'கேமியோ' என்ற ஆல்பம், விற்கவில்லை. 1974ல் தொடங்கிய 'லாங்கிங்' பாதியில் நின்றது. குடி, மாத்திரைகள், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, மருத்துவமனைகள். இந்த ஆண்டுகளைப் பற்றி வாழ்க்கை வரலாறுகள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றன. இங்கே அது போதும்.

இசையாகப் பார்த்தால் இதே காலத்தில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, 1978ன் 'இட் பிகின்ஸ் அகெய்ன்', 1979ன் 'லிவிங் விதவுட் யுவர் லவ்' என்ற இரண்டு ஆல்பங்கள். குரல் நன்றாகவே இருக்கிறது. ஆனால் பின்னால் ஒலிப்பது அன்றைய லாஸ் ஏஞ்சலிஸின் வழவழப்பான இசை. யார் பாடினாலும் பொருந்தும், அதனால் யாருக்கும் சொந்தமில்லை.

இரண்டாவது, 1982ன் 'வைட் ஹீட்'. அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டுமே அப்போது வெளியானது. சொந்த நாடான பிரிட்டனில் வெளியிட யாரும் முன்வரவில்லை. முழுக்க சிந்தசைசர் இசை. எல்விஸ் காஸ்டெல்லோவின் பாட்டு ஒன்றும் உண்டு. சீராக இல்லை, சில பாடல்கள் காதைக் கிழிக்கும். ஆனால் இதில்தான் தயாரிப்பாளர்களில் ஒருவராக டஸ்டியின் பெயர் முறையாக அச்சானது. இருபது வருடமாக மறைவில் செய்துவந்த வேலைக்கு 43 வயதில் கிடைத்த அங்கீகாரம், அதுவும் யாருமே வாங்காத ஆல்பத்தில். ஐந்து வருடம் கழித்து வரப்போகும் மின்னணு இசைக்கு இவர் காது அப்போதே தயாராக இருந்தது என்பதற்கு இதுவே சாட்சி.

1987: இரண்டு ரசிகர்களின் பிடிவாதம்

பெட் ஷாப் பாய்ஸ் என்ற இருவர் குழு: நீல் டென்னன்ட், கிறிஸ் லோ. 80களின் நடுவில் ஆலி வில்லிஸ் என்ற பாடலாசிரியையோடு சேர்ந்து 'வாட் ஹேவ் ஐ டன் டு டிசர்வ் திஸ்' என்ற பாட்டை எழுதினார்கள். ஆணும் பெண்ணும் பாடவேண்டியது. 'டஸ்டி இன் மெம்ஃபிஸ்' ஆல்பத்தின் தீவிர ரசிகரான டென்னன்ட் அந்தப் பெண்குரல் டஸ்டியாகத்தான் இருக்கவேண்டும் என்றார். கம்பெனிக்கு விருப்பமில்லை. சந்தையில் மதிப்புள்ள வேறு பெரிய பெயர்களைச் சொன்னார்கள். டஸ்டி தரப்பிலிருந்தும் முதலில் சாதகமான பதில் இல்லை. இவர்கள் காத்திருந்தார்கள். குழுவின் 'வெஸ்ட் எண்ட் கேர்ல்ஸ்' பாட்டைக் கேட்டுப் பிடித்துப்போய் டஸ்டி சம்மதித்தார்.

1987 ஆகஸ்டில் பாட்டு வெளியானது. பிரிட்டனில் இரண்டாவது இடம். மறுவருடம் அமெரிக்காவிலும் இரண்டாவது இடம். 60களின் உச்சத்தில்கூட அமெரிக்காவில் டஸ்டி இவ்வளவு மேலே ஏறியதில்லை!

பாட்டைக் கொஞ்சம் உன்னிப்பாகக் கேட்டால் ஒன்று புரியும். டென்னன்டின் குரல் உணர்ச்சியே இல்லாமல், கிட்டத்தட்டப் பேசுவதுபோல் போகும். மெஷின் தாளம் அடித்துக்கொண்டிருக்கும். திடீரென்று டஸ்டியின் பகுதி வரும்போது குளிரூட்டிய அறைக்குள் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டதுபோல் இருக்கும். 1966ல் பாடியதுபோல் அவர் உச்சிக்குப் போய் முழங்கவில்லை. குரலில் கரகரப்பு ஏறியிருக்கிறது, மூச்சுக் காற்றும் சேர்ந்து கேட்கிறது. ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் தாளத்துக்கு ஒரு மயிரிழை தள்ளி வைக்கிறார். அந்தத் தாமதத்தில்தான் ஏக்கம் இருக்கிறது. தாளத்தை விட்டு எவ்வளவு விலகலாம் என்று தெரிந்த காது அது.

ஸ்டூடியோவில் அவர் வேலை செய்த விதமும் மாறவில்லை. ஒரு வரியைப் பாடி, திரும்பக் கேட்டு, மறுபடி பாடி, சில சமயம் ஒரே வார்த்தையைப் பலமுறை பாடித்தான் முன்னே நகர்வார். மெம்ஃபிஸ் ஆட்களுக்குப் பொறுமையைச் சோதித்த இதே பழக்கத்தை இந்த இளைஞர்கள் கைகட்டி நின்று கற்றுக்கொண்டார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். அந்த வித்தியாசம் சின்னதல்ல.

1963ன் கதை, 1963ன் குரல்

பிற்கால டஸ்டியில் ஒரே ஒரு பாட்டைத்தான் கேட்கமுடியும் என்றால் 1989ன் 'நத்திங் ஹேஸ் பீன் ப்ரூவ்ட்' கேட்கவேண்டும். 'ஸ்கேண்டல்' என்ற படத்துக்காக பெட் ஷாப் பாய்ஸ் எழுதியது. தலைப்பின் பொருள்: எதுவும் நிரூபிக்கப்படவில்லை.

படத்தின் பின்னணி, பிரிட்டனை உலுக்கிய ப்ரொஃப்யூமோ விவகாரம். ஜான் ப்ரொஃப்யூமோ அன்றைய போர்த்துறை அமைச்சர். கிறிஸ்டின் கீலர் என்ற இளம்பெண்ணோடு அவருக்குத் தொடர்பு. அதே பெண்ணுக்கு சோவியத் தூதரகத்துக் கடற்படை அதிகாரி ஒருவரோடும் பழக்கம். பனிப்போர் காலம் என்பதால் பற்றிக்கொண்டது. 1963 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் தவறேதும் நடக்கவில்லை என்றார் அமைச்சர். ஜூனில் தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டு ராஜினாமா செய்தார். இவர்களைப் பழக்கப்படுத்திய ஸ்டீஃபன் வார்ட் என்ற எலும்புச் சிகிச்சை நிபுணர் பலிகடா ஆனார். பெண்களின் வருமானத்தில் வாழ்ந்ததாக அவர்மேல் வழக்கு. வழக்கின் கடைசி நாட்களில் அளவுக்கு மீறி மாத்திரை சாப்பிட்டார். அவர் நினைவிழந்து கிடந்தபோதே தீர்ப்பு வந்தது. ஆகஸ்ட் 3ல் இறந்தார். விருந்துக்கு வந்த பெரிய மனிதர்கள் யாரும் அவருக்காகச் சாட்சி சொல்ல வரவில்லை.

அந்த வருடம் நவம்பரில்தான் டஸ்டியின் முதல் பாட்டு வந்தது என்பதை இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும். 1963ன் பிரிட்டனை நினைவுபடுத்தும் குரலைத் தேடினால் அது இவர் குரல்தான். இருபத்தாறு வருடம் கழித்து, ஐம்பதை நெருங்கும் அந்தக் குரல் அதே வருடத்தின் கதையைச் சொல்கிறது. இதை வெறும் பழைய நினைவுக்காகச் செய்த தேர்வு என்று சொல்லிவிட முடியாது.

பாடும் விதத்தைப் பாருங்கள். ஒருவர் செத்துப்போன கதை. 60களின் டஸ்டியாக இருந்தால் கடைசியில் குரலை உயர்த்தி அரங்கத்தை அழவைத்திருப்பார். இங்கே செய்தித்தாள் படிப்பதுபோல், கிசுகிசு கேட்டுச் சொல்வதுபோல், அடக்கி வாசிக்கிறார். ஏஞ்சலோ பதலமென்டி அமைத்த வயலின்கள் மெதுவாகப் பின்னால் நகர்கின்றன. கோர்ட்னி பைனின் சாக்ஸஃபோன் அழவேண்டிய இடத்தில் அழுகிறது. டஸ்டி அழவில்லை. பத்திரிகைக்காரர்கள் தன் வீட்டு வாசலில் நின்றதைப் பார்த்தவர், வதந்தி ஒரு மனிதரை என்ன செய்யும் என்று தெரிந்தவர், எவ்வளவு குறைவாகப் பாடினால் போதும் என்று தெரிந்து பாடுகிறார்.

இளமையில் அவருக்கு இல்லாதது குரல்வளம் அல்ல, இந்த நிதானம்தான். தன் குரல் காதில் விழாமல் இருக்க ஹெட்ஃபோன் சத்தத்தை ஏற்றியவர், இப்போது ஏறக்குறைய வெறுமையான இசைக்கு நடுவே தன் கரகரப்பை ஒளிக்காமல் நிற்கிறார்.

பாட்டு பிரிட்டனில் 16வது இடம் வந்தது. அதே வருடம் 'இன் பிரைவேட்' 14வது இடம். 1990ல் 'ரெப்யுடேஷன்' ஆல்பம் 18வது இடம். பாதி ஆல்பம் பெட் ஷாப் பாய்ஸ் தயாரிப்பு, மீதி மற்றவர்கள். அந்த இரண்டு பாதிகளையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரு பாடகியின் குரலை மனதில் வைத்து எழுதிய பாட்டுக்கும், இருக்கிற பாட்டை ஒரு பாடகிக்குக் கொடுப்பதற்கும் உள்ள தூரம் தெரியும்.

நாஷ்வில்

'எ வெரி ஃபைன் லவ்' கடைசி ஆல்பம். 1994ன் தொடக்கத்தில் நாஷ்வில்லில் பதிவானது. பதிவு நடக்கும்போதே உடம்பு சரியில்லை. இங்கிலாந்து திரும்பியதும் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்காக வெளியீடு 1995க்குத் தள்ளிப்போனது.

உண்மையைச் சொன்னால் இது மிகச்சிறந்த ஆல்பம் அல்ல. மெருகு அதிகம், சில பாடல்கள் வானொலிக்காக அளந்து வெட்டியவை. ஆனால் அதில் 'வேர் இஸ் எ வுமன் டு கோ' என்று ஒரு பாட்டு உண்டு. தனியாக ஒரு மதுக்கடையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் பாட்டு. 1995ல் ஜூல்ஸ் ஹாலண்டின் பிபிசி நிகழ்ச்சியில் இதை நேரடியாகப் பாடினார். பின்குரல் கொடுக்க நின்றவர்கள் அலிசன் மோயெட், ஷினேட் ஓ'கானர். இருவருமே தனித்தனியாக அரங்கத்தை நிரப்பக்கூடிய பாடகிகள். இருவரும் டஸ்டிக்குப் பக்கத்தில் நின்று அவர் குரலுக்கு அடியில் தங்கள் குரலை வைத்தார்கள். பிரிட்டிஷ் பெண் பாடகிகளின் வரலாற்றில் இதைவிட நல்ல மரியாதை அவருக்குக் கிடைக்கவில்லை.

அதே வருடம் ஒரு காப்பீட்டுக் கம்பெனி விளம்பரத்துக்காக கெர்ஷ்வினின் பழைய பாட்டு 'சம்ஒன் டு வாட்ச் ஓவர் மீ' பாடினார். அதுதான் கடைசி ஒலிப்பதிவு. 1996ல் நோய் திரும்பியது. 1999 புத்தாண்டு கௌரவப் பட்டியலில் ஓபிஇ பட்டம் அறிவிக்கப்பட்டது. பதக்கம் மருத்துவமனைக்கே கொண்டுவந்து கொடுக்கப்பட்டது. மார்ச் 2ல் ஹென்லி-ஆன்-தேம்ஸில் காலமானார். 59 வயது. பதின்மூன்று நாள் கழித்து ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். எல்டன் ஜான் பேசினார். கேட்க வேண்டியவர் இல்லை.

மறுவரவு என்ற சொல்

வயதான ஆண் பாடகர் கரகரத்த குரலில் பாடினால் 'முதிர்ச்சி', 'அனுபவம்' என்று எழுதும் விமர்சகர்கள், பெண் பாடகி அதையே செய்தால் 'மறுவரவு' என்று எழுதுவார்கள். மறுவரவு என்றால் ஒருமுறை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவது. பழைய புகழை எடுத்து நீட்டுவது. 1987 முதல் 1995 வரை டஸ்டி செய்ததற்கு இந்தச் சொல் பொருந்தாது. அவர் பழைய பாட்டை எடுத்துக்கொண்டு வரவில்லை. தன்னைவிடப் பதினைந்து, இருபது வயது இளையவர்களின் இசைக்குள் போய், அதில் இல்லாத ஒன்றைச் சேர்த்தார்.

2000களில் எமி வைன்ஹவுஸ், டஃபி, அடெல் என்று பிரிட்டிஷ் சோல் பாடகிகள் வரிசையாக வந்தபோது பத்திரிகைகள் டஸ்டியின் பெயரைத் தூசி தட்டி எடுத்தன. ஒப்பிட்டதெல்லாம் கொண்டையோடும் மையோடும் இருந்த 60களின் டஸ்டியோடுதான். இரண்டாம் பாதிக்கு இன்னும் வாரிசு வரவில்லை.

கேட்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வரிசை: முதலில் 'சன் ஆஃப் எ ப்ரீச்சர் மேன்'. பிறகு 'வாட் ஹேவ் ஐ டன் டு டிசர்வ் திஸ்'. பிறகு ராத்திரியில் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு 'நத்திங் ஹேஸ் பீன் ப்ரூவ்ட்'. கடைசியாக ஜூல்ஸ் ஹாலண்ட் நிகழ்ச்சியின் அந்தப் பாட்டு. நான்கும் சேர்ந்து இருபது நிமிடம்கூட ஆகாது. முதல் பாட்டில் இருக்கும் பெண்ணுக்குக் குரல் அதிகம். கடைசிப் பாட்டில் இருக்கும் பெண்ணுக்குப் பயம் குறைவு.